ஹவாய் இசை கேட்கப் போகிறீர்களா? முதலில் கிழமையைக் குறியுங்கள்

கேள்வி: சான் ஹோசேயில் இருக்கிறோம். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு ஒன்பது நாள் ஹவாய் போக எண்ணம். அப்பா கர்நாடக இசை கேட்டே வளர்ந்தவர், அங்கே போனால் அந்த மண்ணின் பாட்டை நேரில் கேட்க வேண்டும் என்கிறார். லூவாவ் விருந்துக்கு டிக்கெட் எடுத்தால் போதுமா? எந்தத் தீவு, எந்த மாதம் நல்லது? பெற்றோர் இருவரும் சைவம்.

பதில்: லூவாவ் போதாது. இசைக்காகத்தான் போகிறீர்கள் என்றால் அதைப் பட்டியலில் கடைசியில் வையுங்கள், விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை. பெரிய விடுதிகளின் லூவாவ் மேடையில் அதிகம் முழங்குவது டஹிட்டி முரசு. முடிவில் கைதட்டல் வாங்கும் தீக்கத்தி ஆட்டம் சமோவாவைச் சேர்ந்தது. இரண்டும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஹவாய்ப் பாட்டு நடுவில் இரண்டோ மூன்றோ வந்து போகும். சில இடங்களில் அதுவும் பதிவு செய்த இசைதான். ஆளுக்கு 150 டாலருக்கு மேல் கொடுத்து அதைக் கேட்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்காகப் போவதென்றால், பணம் கட்டுவதற்கு முன் மேடையில் வாத்தியக் குழு நேரில் வாசிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல ஹவாய் இசை பெரும்பாலும் மாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிந்துவிடும். இலவசமாகவோ ஒரு பானத்தின் விலையிலோ கேட்டுவிடலாம். எல்லாமே கிழமைக் கணக்கில் நடப்பதால், விமானம், விடுதி, தீவு என்று போகாமல் எந்தக் கிழமை எங்கே கச்சேரி என்று முதலில் காலண்டரில் குறியுங்கள், மற்றதை அதைச் சுற்றி அடுக்குங்கள். பலர் தலைகீழாகச் செய்துவிட்டு, வியாழன் காலையில் மாவி தீவில் இறங்கி, நேற்று மாலைதான் கச்சேரி முடிந்தது என்று தெரிந்துகொள்கிறார்கள்.

என்ன கேட்கப் போகிறோம் என்பது தெரிந்தால் தேடுவது எளிது. 'ஹவாய் இசை' என்று பலகை வைத்த இடத்தில் ரெகே கலந்த 'ஜவாயன்' பாட்டும் ஓடும், பழைய அமெரிக்க பாப்பும் ஓடும். அதனால் விசாரிக்கும்போது ஸ்லாக் கீ, ஸ்டீல் கிட்டார், ஃபால்செட்டோ என்று மூன்று பெயரில் ஒன்றைச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்லாக் கீ என்பது கம்பிகளைத் தளர்த்திச் சுருதி சேர்த்த சாதாரண கிட்டார். 1830களில் கால்நடைகளை மேய்க்க மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தவர்கள் கிட்டாரைக் கொண்டுவந்தார்கள், தீவுக்காரர்கள் தங்கள் பாட்டுக்கு ஏற்றபடி கம்பியை இறக்கிக்கொண்டார்கள். அதிகம் புழங்கும் 'டாரோ பேட்ச்' சுருதியில் ஆறாவது கம்பி ஈ-யிலிருந்து டி-க்கும், ஐந்தாவது ஏ-யிலிருந்து ஜி-க்கும், முதல் கம்பி ஈ-யிலிருந்து டி-க்கும் இறங்கும். இடது கை எதையும் தொடாமல் மீட்டினாலே 'ஜி மேஜர்' என்ற சுரக்கூட்டு முழுதாக ஒலிக்கும். கட்டைவிரல் தாழ்ந்த கம்பிகளில் மாறி மாறித் தாளம் போட, மற்ற விரல்கள் மேலே மெட்டைப் பாடும். இந்தச் சுருதிகள் நெடுங்காலம் குடும்பச் சொத்தாகப் பிறருக்குக் காட்டாமல் வைக்கப்பட்டவை. 1946-ல் கேபி பஹினுயியின் பதிவு வந்த பிறகுதான் வெளியுலகம் இந்த வாசிப்பைக் கேட்டது. பாட்டுக்குப் பாட்டு கலைஞர் முறுக்காணியைத் திருகிக்கொண்டே கதை சொல்வார். அந்த இடைவெளியில் எழுந்து போய்விடாதீர்கள், பாட்டின் பொருள் அங்கேதான் கிடைக்கும்.

உங்கள் அப்பாவுக்கு உடனே பிடிபடப் போவது ஸ்டீல் கிட்டார். ஓவாஹு தீவின் லாயி ஊரைச் சேர்ந்த ஜோசப் கெகுகு 1889 வாக்கில், பள்ளி மாணவனாக இருந்தபோது உருவாக்கிய முறை என்பார்கள். கிட்டாரை மடியில் கிடத்தி, இரும்புத் துண்டைக் கம்பி மேல் வழுக்கிச் சுரத்திலிருந்து சுரத்துக்குப் போவது. கோட்டுவாத்தியம் கேட்டவருக்கு அந்த வழுக்கலை விளக்க வேண்டியதில்லை. ஆனால் கமகத்தின் அடர்த்தியை எதிர்பார்க்க வேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இங்கே அழகெல்லாம் ஒரு சுரத்தில் நின்று மெல்ல அதிர்வதில் இருக்கிறது.

ஃபால்செட்டோ என்பது ஆண் குரல் சட்டென்று மேல் ஸ்தாயிக்குத் தாவிப் பாடுவது. நம் ஊரில் குரல் உடைவதைக் குறையாக நினைப்போம். இங்கே அந்த உடைவை மறைப்பதில்லை, வேண்டுமென்றே காட்டுவார்கள்.

பாட்டின் கட்டமைப்பை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தால் இரண்டாவது மாலையிலேயே கூடவே பயணிப்பார். ஹுலா என்ற ஹவாய் மரபு நடனத்துக்கான பாட்டில் ஒவ்வொரு சரணமும் பெரும்பாலும் இரண்டு முறை வரும். இடையில் சிறிய கிட்டார்த் துணுக்கு ஒன்று, எப்போதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அது ஓடும்போது ஆடுபவரோ பாடகர்களில் ஒருவரோ அடுத்த சரணத்தின் முதல் சொல்லை உரக்கச் சொல்வார். ஆட்டமும் பாட்டும் ஒரே அடியில் இறங்குவதற்கான குறிப்பு அது. 'ஹாயினா' என்ற சொல் காதில் விழுந்தால் கடைசிச் சரணம் வந்துவிட்டது, கேமராவைத் தேடிக்கொண்டிருந்தால் இனி நேரமில்லை.

இனி இடங்கள். தொடக்கம் ஹொனலுலுதான், அதுவும் வைகிகி. இசைக்காரர்கள் அதிகம் வாழும் தீவு ஓவாஹு, தினமும் ஏதாவது உண்டு. 'வைகிகி சுற்றுலாக் குப்பை' என்று நண்பர்கள் சொன்னால் கடைவீதிக்கு மட்டும் அது பொருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாலேகுலானி விடுதியின் 'ஹவுஸ் வித்தவுட் எ கீ' முற்றத்தில் பழைய கியாவே மரத்தடியில் மாலைதோறும் மூவர் குழு வாசிக்கும், ஸ்டீல் கிட்டாரும் ஒரு ஹுலா ஆடுபவரும் இருப்பார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. ஆளுக்கொரு பானம் சொன்னால் போதும், 20 டாலரை ஒட்டி ஆகும். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஏழு மணிக்குப் போய் நிற்பது. டிசம்பரில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே விழுந்துவிடும், ஜூலையில் ஏழேகால் ஆகும். எந்த மாதமானாலும் மறைவுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் உட்காருங்கள்.

நடந்து போகும் தூரத்தில், அவுட்ரிகர் ரீஃப் விடுதியில் நீச்சல்குளத்தை ஒட்டி 'கனி கா பிலா கிரில்' இருக்கிறது. சாப்பாட்டுக் கடைதான், ஆனால் ஸ்லாக் கீ கலைஞர்களும், உகுலேலே என்ற நாலு கம்பிச் சின்னக் கிட்டார் வாசிப்பவர்களும் மாலைகளில் முறை வைத்து வாசிக்கிறார்கள். மேஜை ஒதுக்கும்போது மேடைப் பக்கம் வேண்டும் என்று சொல்லாவிட்டால் குழந்தைகள் தண்ணீரில் குதிக்கும் சத்தம்தான் கேட்கும். மோவானா சர்ஃப்ரைடர் விடுதியின் ஆலமரத்தடியையும் ஒரு மாலை பார்த்துவிடுங்கள். 1904-ல் நட்ட மரம் அது. 1935-ல் தொடங்கிய 'ஹவாய் கால்ஸ்' வானொலி நிகழ்ச்சி அந்த மரத்தடியிலிருந்துதான் உலகத்துக்குப் போனது.

வெள்ளி நண்பகல் இயோலானி அரண்மனைத் தோட்டத்தில் ராயல் ஹவாயன் பேண்டின் இலவசக் கச்சேரி. 1836-ல் மூன்றாம் காமேஹாமேஹா மன்னர் காலத்தில் தொடங்கிய குழு, இன்று நகர நிர்வாகத்தின் சம்பளத்தில் இயங்குகிறது. புல்வெளிதான், பெற்றோருக்கு மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள். கச்சேரிக்கு முன் அரண்மனைக்குள் ஒரு சுற்று போய் வந்தால் நல்லது. லிலியுவோகலானி அரசி 1895-ல் சிறை வைக்கப்பட்ட அறை அங்கேதான் இருக்கிறது. உலகமே பாடும் 'அலோஹா ஓயே' அவர் இயற்றியது என்பதை அந்த அறையைப் பார்த்த பிறகு நினைத்துக்கொண்டால் பாட்டு வேறு மாதிரி கேட்கும். ஊர்வலம், விழா என்றால் குழு வேறிடம் போய்விடும், அதனால் அந்த வாரப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து மாவி. நாபிலி காய் கடற்கரை விடுதியில் ஜார்ஜ் காஹுமோகு நடத்தும் ஸ்லாக் கீ கச்சேரி புதன்கிழமை மாலை. சிறிய அரங்கம், டிக்கெட் உண்டு, இணையத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். ஒன்பது நாளில் ஒரே ஒரு கச்சேரிக்குத்தான் காசு செலவழிப்பேன் என்றால் அது இதுவாகவே இருக்கட்டும். காஹுலுயி விமான நிலையத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரக் கார்ப் பயணம். மேற்குக் கரைக்குப் போக முக்கியச் சாலை ஒன்றுதான், நடுவில் ஒரு விபத்து நடந்தால் எல்லாம் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். அன்றிரவு நாபிலியிலோ கானாபாலியிலோ தங்கிவிட்டால் இருட்டில் திரும்பும் தொல்லை இல்லை. வழியில் லஹைனா வரும். 2023 ஆகஸ்ட் தீயில் எரிந்த ஊர், மக்கள் இன்னும் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே காரை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

ஆக, ஒன்பது நாளை இப்படிப் போடலாம். வியாழன் ஹொனலுலு வந்து சேருங்கள். கலிஃபோர்னியாவைவிட இரண்டு மணி நேரம், கோடையில் மூன்று மணி நேரம் பின்தங்கிய ஊர், முதல் நாள் எட்டு மணிக்கே தூக்கம் சொக்கும். அன்று எதுவும் வேண்டாம். வெள்ளி மதியம் அரண்மனை, மாலை ஹாலேகுலானி. சனி மாலை கனி கா பிலா. ஞாயிறும் திங்களும் தீவைச் சுற்றிவிட்டு ஒரு மாலை ஆலமரத்தடி. செவ்வாய் மாவிக்குப் பறந்துவிடுங்கள், முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஓவாஹுவிலிருந்து மாவிக்குப் பயணிகள் கப்பல் கிடையாது. புதன் மாலை நாபிலி. வியாழன் ஓய்வு, வெள்ளி காஹுலுயியிலிருந்தே பே ஏரியாவுக்கு நேரடி விமானம். ஹொனலுலு திரும்பி வந்து ஏற வேண்டாம். விடுதி விலையைப் பார்க்கும்போது 18 சதவீதத்துக்கு மேல் வரியும், நாளுக்கு 40, 50 டாலர் 'ரிசார்ட் கட்டணமும்' சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வைகிகியில் கார் வேண்டாம், நிறுத்தும் வாடகையே தின்றுவிடும். மாவியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதம் பற்றி. மேலே சொன்னவை எல்லா மாதமும் நடப்பவை. கூடுதலாக ஒன்று வேண்டுமென்றால் மே 1 லெய் (பூமாலை) தினம், கபியோலானி பூங்காவில் நாள் முழுக்க இலவச இசையும் ஹுலாவும். செப்டம்பரில் அலோஹா விழாக்கள், ஒரு சனி மாலை காலாகாவா அவென்யூவையே மூடி மேடை போடுவார்கள்.

மெரி மோனார்க் விழாவைப் பற்றியும் கேட்பீர்கள். ஹுலாவின் மிகப் பெரிய போட்டி, 'பெரிய தீவு' எனப்படும் ஹவாய்த் தீவின் ஹிலோ ஊரில் ஈஸ்டர் ஞாயிறு தொடங்கி ஒரு வாரம். 2027-ல் ஈஸ்டர் மார்ச் 28. புதன் இரவு காட்சி நிகழ்ச்சி இலவசம், ஆனால் வரிசை நீளம். வியாழன் முதல் சனி வரை போட்டி. வெள்ளி இரவு பழைய பாணி, ஓதும் குரலும், முரசு, சுரைக்குடுக்கை போன்றவற்றின் தாளமும் மட்டும். சனி இரவு கிட்டாரும் பாட்டும். போட்டி டிக்கெட் குறைவு, கேட்பவர்கள் அதிகம், முந்தைய டிசம்பரிலேயே வேலை தொடங்க வேண்டும். ஹிலோவில் அறைகளும் ஓராண்டுக்கு முன்பே நிறைந்துவிடும். தீவின் மறுகரையிலுள்ள கோனாவில் தங்கிப் போய் வரலாம் என்று சிலர் நினைப்பார்கள். நள்ளிரவில் மலைச்சாலையில் இரண்டு மணி நேரம், பெற்றோரை வைத்துக்கொண்டு அது வேண்டாம். ஹிலோவிலிருந்து 30 மைலுக்குள் இருக்கும் எரிமலைக் கிராமத்தில் தேடுங்கள். டிக்கெட் கிடைக்காவிட்டாலும் அந்த வாரம் பகலில் விடுதிகளில் இலவச நிகழ்ச்சிகளும் சனி காலை ஊர்வலமும் உண்டு. என் கருத்தில் முதல் பயணத்துக்கு இந்த வாரம் சரிப்படாது, கூட்டத்தில் பெரியவர்கள் களைத்துவிடுவார்கள்.

போன இடத்தில் நடந்துகொள்ளும் முறை அதிகமில்லை. மேடை அருகே இருக்கும் ஜாடியில் குடும்பத்துக்கு 10, 20 டாலர் ரொக்கமாகப் போடுங்கள், கடை பில்லில் எழுதும் டிப்ஸ் இசைக்காரருக்குப் போகும் என்று நம்பி இருக்க வேண்டாம். விருப்பப் பாட்டு இருந்தால் சீட்டில் எழுதி அத்துடன் வையுங்கள். எல்விஸ் பாட்டு கேட்டால் பாடுவார்கள், ஆனால் அதற்கா இவ்வளவு தூரம்? கழுத்தில் லெய் மாலை போட்டால், போட்டவர் கண் முன்னால் கழற்றாதீர்கள். 'ஹவாயி போனோயி' மாநில கீதம், எழுந்து நிற்க வேண்டும். கச்சேரி முடிவில் 'ஹவாயி அலோஹா' தொடங்கினால் எல்லோரும் எழுந்து பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முன்பின் தெரியாதவர் கை நீட்டினால் திகைக்காமல் இருக்க.

எல்லா இடத்துக்கும் முந்தின நாள் ஒரு போன் செய்யுங்கள். யார் வாசிக்கிறார், முதல் சுற்று எத்தனை மணிக்கு என்று இரண்டே கேள்வி. இணையப் பக்கம் பழையதாக இருக்கும், முற்றத்தில் கல்யாணம் வந்திருக்கும், ஏழு மணிக்கு மேல் பாப் குழு ஏறும். ஓவாஹுவைச் சுற்றும் நாளில் காரில் ஹவாய்ப் பாட்டு ஒலிபரப்பும் ஹொனலுலு வானொலி கே.ஐ.என்.இ. 105.1 போட்டு ஓட்டினால் மாலையில் கேட்கப்போகும் பாட்டுகள் பாதி பழகிவிடும்.

சைவம்: லூவாவ் விருந்தின் மையம் மண்ணடுப்பில் வெந்த பன்றி. கீரை போலத் தெரியும் லாவ்லாவ் பொட்டலத்துக்குள்ளும் அதுதான், லோமி சாலட்டில் சால்மன், சைமின் நூடுல்ஸ் சாற்றிலும் இறாலோ மீனோ இருக்கும். கவலையின்றிச் சாப்பிடக்கூடியவை, டாரோ கிழங்கை மசித்த போயியும், தேங்காய்ப்பாலை மாவு சேர்த்து இறுக்கிய ஹவுபியாவும். டாரோ நம் சேப்பங்கிழங்கு வகைதான். போயி ஒரு நாள் ஆனதும் புளிக்கத் தொடங்கும், அம்மாவுக்குப் புதிதாக அரைத்ததைக் கேட்டு வாங்கிக்கொடுங்கள்.