பதில்: தம்பியின் பையில் புகையிலைப் பொட்டலம்

தங்கச்சி, பத்தாம் தரம் படிக்கிற தம்பியின் ஸ்கூல் பேக்கில் புகையிலை கிடைத்தது, அம்மாவோ "வெத்தலைதானே, சிகரெட் இல்லையே" என்கிறார் என்று எழுதியிருந்தீங்க. நானும் தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன்தான். எனக்கு முதல் துண்டைத் தந்தது கூட்டாளி இல்லை, அப்பாயி. கடைக்கு வெத்தலை வாங்க அனுப்புவாங்க, மிச்சம் என் சட்டைப்பையில். குளிருக்கும் பசிக்கும் நல்லது என்று கொழுந்து பறிக்க மலைக்குப் போறவங்க எல்லாரும் சொல்வாங்க. அதனால தம்பியை மட்டும் திட்டிப் பலனில்லை. முதலில் வீட்டு வெத்தலைப் பெட்டியைப் பாருங்க.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்க: இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். புகையிலை மட்டுமல்ல, வெறும் பாக்கும் காரணம். தம்பியை வாய் திறக்கச் சொல்லி, அவனுடைய மூன்று விரலை நெட்டுக்குத்தாக வைத்துப் பாருங்க. நுழையவில்லை என்றாலோ, கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு இருந்தாலோ, காரம் பட்டதும் எரிந்தாலோ, ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்க.

2006 சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவங்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. கடைக்காரர் தெரிந்தவர்தானே, நேரில் போய்ச் சொல்லுங்க. எங்க ஊர்க் கடைக்காரர் முறைத்தார், ஆனா நிறுத்தினார்.

விட்ட முதல் இரண்டு மூன்று நாள் சிடுசிடுப்பான், தலைவலிக்கும். அந்த நாளில் சண்டை பிடிக்காதீங்க. நான் வறுத்த கடலையை மென்றே சமாளித்தேன். புகையிலையை விட உதவுகிற 1948 என்ற தொலைபேசி எண்ணுக்கு எடுத்தும் பேசலாம்.