பிஒய் (புதுச்சேரி நம்பர்) வண்டி, கடலூர்ல வீடு: ரெண்டு பக்கமும் ரோடு டாக்ஸ் கட்டணுமா?

ரெட்டிச்சாவடி பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. வேலை புதுச்சேரி பக்கம் கிருமாம்பாக்கத்துல. அதே புதுச்சேரி பக்கம் பாகூர்ல வாடகைக்கு இருந்தப்போ எடுத்த பைக், பிஒய் நம்பர், லைஃப் டாக்ஸ் (வண்டியோட ஆயுளுக்கும் மொத்தமா கட்டுற ரோடு டாக்ஸ்) அங்கயே கட்டியாச்சு. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷமா தமிழ்நாட்டுப் பக்கம் குடியிருக்காரு. போன மாசம் கடலூர்ல வண்டி செக்கிங்ல நிறுத்தி, தமிழ்நாடு டாக்ஸ் கட்டிடுன்னு சொல்லிட்டாங்களாம். "தினமும் ரெண்டு ரோட்லயும்தான் போறேன், ஒரே வண்டிக்கு ரெண்டு தடவ கட்டுறது நியாயமா சார்? பாகூர் மச்சான் வீட்டு அட்ரஸ்ல ஒரு வாடகை அக்ரிமெண்ட் போட்டு வச்சுக்கலாமா?"ன்னு கேக்குறாரு.

நியாயமான்னு கேட்டா, இல்ல தம்பி. ஆனா சட்டத்துல உங்க பக்கம் வீக்காதான் இருக்கு, அதை மறைச்சு ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரல.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 46வது பிரிவுப்படி ஒரு எடத்துல பண்ண ரெஜிஸ்ட்ரேஷன் இந்தியா முழுக்க செல்லும். அதனால கடலூர்ல பிஒய் வண்டி ஓட்டுறது மட்டும் குத்தமே கிடையாது. பிரச்சனை 47வது பிரிவுல இருக்கு, வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வண்டிய வச்சிருந்தா அங்க புது நம்பர் வாங்கணும், அதோட அந்த ஊர் டாக்ஸும் வந்துடும். கர்நாடகாவுல இந்த 12 மாசத்தைக் கண்டுக்காம, வெளிமாநில வண்டி 30 நாள் தாண்டினாலே லைஃப் டாக்ஸ்னு கொண்டு வந்தாங்க, அங்க ஹைகோர்ட் 2016ல அது செல்லாதுன்னுடுச்சு. அதனால 12 மாசம் ஆகாதவங்க தைரியமா வாதாடலாம். உங்களுக்கு ரெண்டு வருஷம் ஆயிடுச்சே.

தினமும் எல்லையில இருக்குற முள்ளோடை தாண்டிப் போறேனே, கணக்கு தினமும் புதுசா ஆரம்பிக்காதான்னு கேப்பீங்க. வாதமா வைக்கலாம், ஆனா நான் அதை நம்பி கோர்ட்டுக்குப் போக மாட்டேன், ஏன்னா வண்டி வழக்கமா எங்க நிக்குதுன்னுதான் பாப்பாங்க, ராத்திரி அது உங்க வீட்டு வாசல்லதான நிக்குது. நீங்க அனுப்புன ரெண்டு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். ஆர்சியில பாகூர் அட்ரஸ், இந்த வருஷம் புதுப்பிச்ச இன்சூரன்ஸ்ல கடலூர் மாவட்ட அட்ரஸ். இந்த ஒரு பேப்பர் போதும், நீங்க வீடு மாறிட்டீங்கன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி.

இப்ப நியாயத்துக்கு வரேன். வாகன வரிங்கிறது ரோட்டைப் பயன்படுத்துறதுக்கு ஈடா வாங்குறதுன்னு சுப்ரீம் கோர்ட் 1974லயே பொலானி ஓர்ஸ் கேஸ்ல பேசியிருக்கு. அப்படின்னா ரெண்டு ரோட்லயும் பாதி பாதி ஓடுற வண்டிக்கு ஒவ்வொரு அரசும் முழு ஆயுளுக்கும் மொத்தமா வாங்குறது எப்படி சரியாகும்? வருஷா வருஷம் கட்டுற முறைன்னா மாறின வருஷத்துலேர்ந்து இங்க கட்டிட்டுப் போயிடலாம். நம்ம பக்கத்துல எல்லை ஒரே கோடாவா போகுது, ஒரு ஊர் புதுச்சேரி, அடுத்த ஊர் தமிழ்நாடு, பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன துண்டு நிலம் அப்படி. பஸ், லாரி பர்மிட்டுக்கு ரெண்டு அரசும் பேசி ஒப்பந்தம் போட்டுக்க 88வது பிரிவு வழி வச்சிருக்கு, தினமும் வேலைக்குப் போற பைக்காரனுக்கு அந்த மாதிரி ஒண்ணும் இல்ல. இதுக்கு ரெண்டு பக்க எம்எல்ஏக்கள்கிட்டயும் மனு குடுக்கணும், கூட்டமா குடுக்கணும்.

சம்பளத்தைப் பத்தியும் ஒரு வரி கேட்டிருந்தீங்க. இன்கம்டாக்ஸ் சென்ட்ரலுக்குப் போறது, எந்தப் பக்கம் குடியிருந்தாலும் ஒரே டாக்ஸ்தான், அதுல பயம் வேண்டாம்.

செய்ய வேண்டியது இதான். வண்டி மேல லோன் இருந்தா முதல்ல பேங்க்ல என்ஓசி (ஆட்சேபணை இல்லைன்னு சான்று) வாங்குங்க, அப்புறம் புதுச்சேரி ஆர்டிஓவுல ஃபார்ம் 28 போட்டு அவங்க என்ஓசி, அதை வச்சு கடலூர் ஆர்டிஓவுல புது நம்பருக்கு ஃபார்ம் 27. இங்க டாக்ஸ் போடும்போது வண்டியோட வயசுக்குத் தகுந்த ரேட் போட்டிருக்காங்களான்னு பாருங்க, புது வண்டி ரேட்ட கேட்டா ஒத்துக்காதீங்க. கட்டின ரசீதையும் புது ஆர்சி காப்பியையும் வச்சு, மீதி வருஷத்துக்கான டாக்ஸைத் திருப்பிக் குடுங்கன்னு புதுச்சேரியில எழுத்து மூலமா மனு போடுங்க, நிறைய பேரு இதைக் கேக்காமலே விட்டுடுறாங்க. பதில் வரலன்னா ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்டம்) மனு. அதுக்குள்ள மறுபடி நிறுத்துனா ரசீது இல்லாம ஒரு ரூபா குடுக்காதீங்க, செக் ரிப்போர்ட்ட கையில வாங்குங்க, பேப்பர் எதையாவது எடுத்தா அதுக்கு ஒப்புகை கேளுங்க.

அந்த மச்சான் வீட்டு அக்ரிமெண்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். 2017ல கேரளாவுல பெரிய பெரிய காருங்களை புதுச்சேரி பொய் அட்ரஸ்ல ரெஜிஸ்டர் பண்ணிட்டாங்கன்னு கிரிமினல் கேஸே போட்டாங்க. நீங்க வண்டி எடுத்தப்போ நெஜமாவே பாகூர்லதான் இருந்தீங்க, உங்க ரெஜிஸ்ட்ரேஷன் சுத்தமா இருக்கு, இப்ப பாக்கி டாக்ஸ் மட்டும்தான். பொய் அக்ரிமெண்ட் போட்டா டாக்ஸ் பிரச்சனை போர்ஜரி கேஸா மாறும், அதுல மச்சானும் சேந்து மாட்டுவாரு.