ஆள் வரவில்லை – கடிதம்

அன்புள்ள ஐயா,

கூலி ஆட்களைப் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து, திருத்துறைப்பூண்டி பக்கம் நாலு ஏக்கர் பார்க்கிறேன். ரேஷனில் அரிசி சும்மா, பெண்களுக்கு மாதம் ஆயிரம், போதாததற்கு நூறு நாள் வேலை. பிறகு யார் சேற்றில் இறங்குவார்கள்? இந்தத் தடவை வங்காளத்து ஆட்களை வைத்துத்தான் நட்டேன். அவர்கள் உழைப்பைப் பார்த்தபின், நம்மவர்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. நடவு நேரத்திலாவது நூறு நாளை நிறுத்த வேண்டாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில். அதற்குச் சட்டமே வந்தாயிற்று. 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம் நூறு நாளை 125 ஆக்கியது. கூடவே விதைப்பு, அறுவடைக் காலங்களில் வருஷத்துக்கு மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்திவைக்கவும் வழி செய்திருக்கிறது. குறுவை, சம்பா, தாளடி என்று ஆனியிலிருந்து மாசிவரை ஏதாவது ஒரு வயலில் வேலை நடக்கிற நம் பக்கத்தில் எந்த 60 நாளைப் பொறுக்குவார்களோ, தெரியவில்லை.

சோம்பேறி என்ற சொல்லுக்கு வருகிறேன். எங்கள் வயலுக்கு நடவுக்கு வரும் ஓர் அக்காவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நோட்டை எடுத்ததுமே, "பேர கீர வெட்டிப்புடாதிய" என்று சிரித்தார். நாற்றுப்பறி, நடவு, களை எல்லாம் சேர்த்து வருஷத்தில் அவருக்குக் கிடைத்தது 38 நாள். நாளுக்கு 300 வீதம் 11,400 ரூபாய். நூறு நாள் வேலை 41 நாள் கிடைத்தது. பேருக்குத்தான் கூலி 336. வெட்டிய மண்ணை அளந்து போடும்போது சராசரியாக 270தான் விழுந்திருக்கிறது. அது 11,070. மகளிர் உரிமைத் தொகை 12,000.

மூன்றில் எது பெரியது என்று பாருங்கள். வருஷம் முழுக்க வயல் கொடுத்ததைவிட மாதம் ஆயிரம் கூடுதலாகிவிட்டது! அறுப்பும் அடிப்பும் செயின் வண்டி என்கிற அறுவடை இயந்திரத்துக்குப் போய் எத்தனையோ வருஷமாயிற்று. உங்கள் நாலு ஏக்கரிலும் அதுதான் இறங்கியிருக்கும். போன வேலைக்குப் பதில் என்ன செய்வீர்கள் என்று அன்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. நானும்தான்.

மூன்றையும் கூட்டினால் மாதத்துக்கு 2,900கூட வரவில்லை. 2018 கஜாவில் கூரை போனபோது குழுக்கடன் வாங்கினார். அதை அடைக்க இன்னொன்று. இப்போது வாரத் தவணை 650. பதினைந்தாம் தேதி வரும் ஆயிரம் ஒன்றரை வாரத் தவணைக்குச் சரி. திருப்பூரில் இருக்கும் கணவர் அனுப்பும் பணத்தில்தான் உலை கொதிக்கிறது. மாமியாருக்கு முதியோர் பென்ஷன் 1,200. அதில் மத்திய அரசின் பங்கு 200; 2007லிருந்து அதே 200தான்.

உங்கள் பென்ஷன் உங்களைச் சோம்பேறியாக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனாலும் ஒன்று மாறியிருக்கிறது. ஐப்பசி அடைமழையில் கூலி வேலை இருக்காது. முன்பெல்லாம் அந்த மாதத்தில் கூலியாட்கள் பண்ணை வீட்டில் நெல்லோ பணமோ முன்கூட்டி வாங்கிவிட்டு, தை அறுப்பில் அவர்கள் சொன்ன கூலிக்கு உழைத்துக் கழிப்பார்கள். என் தாத்தா வீட்டில் அளந்து கொடுக்க ஒரு மரக்கால், அளந்து வாங்க வேறொன்று. அம்மா சொல்லித் தெரியும். இன்று அந்த மாதத்தை ரேஷன் அரிசியும் இந்த ஆயிரமும் எப்படியோ தள்ளிவிடுகின்றன. அதனால் 250 ரூபாய்க்குக் கூப்பிட்டால் "கட்டுப்படியாவாதுங்க" என்று வாய்திறந்து சொல்கிறார்கள். நம் கண்ணுக்கு அது சோம்பலாகத் தெரிகிறது. கூலி நெல் கூடக் கேட்ட தகராறில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை எரித்த பழைய தஞ்சாவூர் ஜில்லா இது. நியாயக் கூலிச் சட்டம் அதற்கடுத்த வருஷம்தான் வந்தது.

உங்கள் கஷ்டம் பொய்யில்லை. 2025 செப்டம்பரிலிருந்து சாதாரண ரகம் குவிண்டால் 2,500 என்றாலும், உரம், வண்டி வாடகை, கொள்முதல் நிலையத்தில் நனைந்து கிடக்கும் நாட்கள் எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று எனக்கும் தெரியும். உர விலையோடு நீங்கள் சண்டை போட முடியாது. நடவாள் வரப்பிலேயே நிற்கிறார்.

வங்காளத்து ஆட்கள் நடுவதை நானும் நின்று பார்த்திருக்கிறேன். நாற்று முடி பிரிவதே தெரியாது, அப்படி ஒரு வேகம். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, மோட்டார் கொட்டகையில் படுத்து, விடியுமுன் இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் மாநிலத்துக்கு நூறு நாள் வேலைக்கான நிதியை மத்திய அரசு 2022 மார்ச்சில் நிறுத்தியது. நீதிமன்றம் தலையிட்டது 2025இல். அந்த மூன்று வருஷமும் அங்கே அந்த வேலை கிடையாது. பட்டாளத்தில் இருந்தவர், உங்களுக்கு ஹிந்தி வரும். அடுத்த நடவுக்கு வரும்போது ஊரில் யார் யார், ஏன் இவ்வளவு தூரம் என்று விசாரித்து எனக்கும் எழுதுங்கள்.