ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஆலிவ் எண்ணெய்

கேள்வி: பேரன் இத்தாலியிலிருந்து ஆலிவ் எண்ணெய் வாங்கி வந்து, ‘ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுங்க ஆயா’ என்கிறான். பச்சையாகவே சாப்பிடலாமா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாகச் சாப்பிடலாம் ஆச்சி. இட்லிப் பொடியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் குழைக்கிறோமே, அதைக் காய்ச்சியா ஊற்றுகிறோம்? பாட்டிலில் ‘எக்ஸ்ட்ரா வர்ஜின்’ (சுத்திகரிக்காமல் பிழிந்தெடுத்த முதல்தர எண்ணெய்) என்று இருக்கிறதா பாருங்கள். தொண்டையில் லேசாகக் காறினால் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், நல்ல எண்ணெயின் குணமே அதுதான்.

தட்டையான கிண்ணத்தில் 2 ஸ்பூன் ஊற்றி, கல்லுப்பைப் பொடித்துத் தூவி, அப்போதே இடித்த மிளகும் நசுக்கிய ஒரு பல் பூண்டும் போட்டு 10 நிமிடம் விடுங்கள், மணம் இறங்கிவிடும். இனிப்பு ரொட்டி மட்டும் வேண்டாம், எண்ணெயைக் குடித்துச் சொதசொதவென்று ஆகிவிடும். உப்பு ரொட்டியைத் தோசைக்கல்லில் சிவக்க வாட்டி, சூட்டோடு அதன்மேல் பூண்டைத் தேய்த்து எண்ணெய் ஊற்றினால் இன்னும் ருசி. இத்தாலியில் டஸ்கனிப் பக்கம் ‘ஃபெட்டுன்டா’ என்று இதைத்தான் செய்கிறார்கள். சிலர் பால்சமிக் வினிகரும் (திராட்சைச் சாற்றில் செய்யும் இனிப்பும் புளிப்புமான காடி) சேர்ப்பார்கள், எனக்கு எண்ணெய் மணமே போதும்.

அப்புறம், பூண்டு போட்ட எண்ணெயை மிச்சம் வைக்காதீர்கள். பாட்டிலை அடுப்புப் பக்கமோ வெயில் படும் ஜன்னலிலோ வைக்கவும் கூடாது.