அறிவியல் பட்டம் இல்லாமல் டெக் வழக்கறிஞர் ஆக முடியுமா?

கேள்வி: சட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். அதற்கு முன் இலக்கியம் படித்தேன். தொழில்நுட்பம், அறிவுசார் சொத்துரிமை தொடர்பான வழக்கறிஞராக வேண்டும் என்பது ஆசை. 'இன்ஜினியரிங் படித்தவர்களுக்கான வேலை அது, குறைந்தபட்சம் கோடிங்காவது தெரிய வேண்டும்' என்கிறார்கள் சீனியர்கள். எனக்கு இதில் இடம் இருக்கிறதா? இப்போதே எதில் தொடங்கலாம்?

பதில்: இடம் இருக்கிறது. உங்கள் சீனியர்கள் சொல்வது ஒரே ஒரு பிரிவுக்குத்தான் சரியாகப் பொருந்தும். இந்தக் குழப்பத்தாலேயே நல்ல மாணவர்கள் சிலர் வேறு பக்கம் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பிரிவு, காப்புரிமை விண்ணப்பம். ஒரு கண்டுபிடிப்பை விவரித்து, அதில் எந்த அளவுக்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுத்து எழுதி, காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் எழுப்பும் ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லும் வேலை. இதைச் செய்வதற்கான தகுதித் தேர்வை எழுதவே அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா போன்ற இடங்களில் பொதுவாக அறிவியல் அல்லது பொறியியல் படிப்பைக் கேட்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. ஒரு வேதிச் சேர்மத்தையோ சிப் வடிவமைப்பையோ புரிந்துகொள்ளாமல் அதன் எல்லையை எழுத முடியாது. ஆனால் அதே காப்புரிமை நீதிமன்றத்துக்கு வரும்போது வாதாட வழக்கறிஞர் தகுதி போதும். தொழில்நுட்பத்தை விளக்க நிபுணர் சாட்சிகள் வருவார்கள்.

சரி, மீதி என்ன? பதிப்புரிமை, டிரேட்மார்க், வணிக ரகசியம், சாஃப்ட்வேர் லைசென்ஸ், தரவுப் பாதுகாப்பு, நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தங்கள். இந்தத் துறையில் பெரும்பாலானவர்கள் செய்யும் வேலை இதுதான். எதற்கும் அறிவியல் பட்டம் தேவையில்லை.

இந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் வாங்க வருகிறது. வாங்குபவரின் வழக்கறிஞர்கள் முதலில் கேட்பது, 'இந்த சோர்ஸ் கோடு (மென்பொருளுக்காக எழுதிய மூல நிரல்) யாருடையது?' வீடு வாங்குமுன் மூலப் பத்திரம் பார்ப்பது போலத்தான். நிறுவனர், 'எங்களுடையதுதான், நாங்கள்தானே காசு கொடுத்தோம்' என்பார். தோண்டிப் பார்த்தால், நிறுவனம் பதிவாவதற்கு முன்பே முதல் வெர்ஷனை எழுதியவர் அவருடைய நண்பர். ஃப்ரீலான்ஸ் வேலை. எழுத்தில் எதுவும் இல்லை.

பல நாடுகளின் சட்டத்தில், ஊழியர் தன் பணியின் பகுதியாக எழுதுவது முதலாளிக்குச் சேரும். வெளியாள் எழுதிக் கொடுத்தது அப்படித் தானாகச் சேராது. உரிமையை மாற்றிக் கொடுத்ததாக எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அது இல்லாவிட்டால், பணம் வாங்கிய பிறகும் பதிப்புரிமை அந்த நண்பரிடமே இருக்கலாம். இத்தனை ஆண்டுகளில் அவருக்கும் நிறுவனருக்கும் பேச்சுவார்த்தை நின்றிருந்தால்? விற்பனை அங்கேயே நிற்கும். அவரைத் தேடிப் பிடித்து, பேசி, உரிமை மாற்றப் பத்திரம் எழுதி, கையெழுத்து வாங்குவது நம் வேலை. இதில் கோடிங் எங்கே வந்தது? யார், எப்போது, எந்தக் காகிதத்தின் அடிப்படையில் எழுதினார் என்று சலிக்காமல் கேட்கத் தெரிந்திருந்தால் போதும்.

அடுத்து ஓப்பன் சோர்ஸ். அதாவது, சோர்ஸ் கோடைத் திறந்து வைத்து, லைசென்ஸ் நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் மென்பொருள். இன்ஜினியரிடம் கேட்டால், 'இலவசம்தானே, எடுத்துப் போட்டோம்' என்பார். ஆனால் அதிலும் நிபந்தனைகள் உண்டு. அப்படிப்பட்ட லைசென்ஸ்களில் ஒன்றான ஜிபிஎல்லின் இரண்டாம் வெர்ஷன் 1991-இல் வந்தது. அதன் கீழ் வரும் கோடைச் சேர்த்து உருவாக்கிய மென்பொருளை வெளியே விநியோகித்தால், அதன் சோர்ஸ் கோடையும் அதே நிபந்தனையோடு தர வேண்டும். வெறும் சர்வரில் ஓட விட்டால் அந்தக் கடமை எழாது. ஆனால் ஏஜிபிஎல் என்ற வகை, நாம் மாற்றியமைத்த மென்பொருளை நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்துபவர்களுக்கும் அதன் கோடைத் தரச் சொல்கிறது. ஆக, 'இது கருவிக்குள் போய் வாடிக்கையாளர் கைக்குப் போகிறதா, சர்வரில் இருக்கிறதா? லைசென்ஸ் ஜிபிஎல்லா, ஏஜிபிஎல்லா?' என்ற இரண்டு கேள்விகளில் முழு ஆலோசனையும் மாறிவிடும். உங்களுக்குத் தேவையான தொழில்நுட்ப அறிவு இந்த வகைதான்.

இந்த நிபந்தனைகளுக்கெல்லாம் நீதிமன்றத்தில் மதிப்பு உண்டா என்று ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது. 2008-இல் ஜேக்கப்சன் எதிர் காட்சர் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், ஓப்பன் சோர்ஸ் நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகலாம் என்று சொன்னது. வழக்குக்குக் காரணமான மென்பொருள், பொம்மை ரயில்களை இயக்கப் பொழுதுபோக்காளர்கள் பயன்படுத்தியது! லாபநோக்கமில்லாத ஒருவர் இலவசமாகக் கொடுத்த கோடுக்குக் கிடைத்த பாதுகாப்பு அது. இந்தத் துறை எனக்கு ஏன் பிடிக்கும் என்று யாராவது கேட்டால் இந்தத் தீர்ப்பைத்தான் சொல்வேன்.

அப்புறம், கோடிங் கற்கலாமா? கற்பது நல்லதே. ஆண்ட்ராய்டில் ஜாவா கோடை கூகுள் பயன்படுத்தியது பற்றிய ஆரக்கிள் எதிர் கூகுள் வழக்கை முதலில் விசாரித்த அமெரிக்க நீதிபதி வில்லியம் ஆல்சப், தானே புரோகிராம் எழுதும் பழக்கம் உள்ளவர். சர்ச்சையில் இருந்த ஒன்பது வரி ஃபங்ஷன் ஒன்று எவ்வளவு எளியது என்பதை அந்த அனுபவத்தால் விசாரணையில் எடுத்துக்காட்ட முடிந்தது. ஆனால் அதற்காக நீங்கள் ஓர் ஆண்டைச் செலவிட்டு புரோகிராமர் ஆக வேண்டாம். சோர்ஸ் கோடு, லைப்ரரி, ஏபிஐ என்றால் என்ன, ஒரு மென்பொருள் எப்படிக் கட்டப்பட்டு வெளியாகிறது என்று தெரிந்தால் நல்ல தொடக்கம். கிட் என்ற கருவியைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். எந்த வரி யார் பெயரில் எந்தத் தேதியில் சேர்ந்தது என்ற பதிவு அதில் இருக்கும். உரிமைத் தகராறில் நாம் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான்.

காப்புரிமை எழுதாதவர்களும் ஒன்றை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் கண்டுபிடிப்பை மாநாட்டில் பேசிவிட்டால் ஐரோப்பாவில் அநேகமாக உரிமை போனது போலத்தான். அமெரிக்காவில் ஓராண்டு சலுகை உண்டு. முதல் விண்ணப்பம் போட்டபின், தொழில்துறைச் சொத்துரிமைக்கான பாரிஸ் ஒப்பந்தப்படி மற்ற நாடுகளில் முன்னுரிமை கோர 12 மாதம். இந்தத் தேதிகளைத் தவறவிட்டால் பெரும்பாலும் திருத்த முடியாது. அடுத்த வாரம் பேசப் போகிறேன் என்று ஓர் இன்ஜினியர் சொன்ன உடனே நிறுத்தச் சொல்லத் தெரிய வேண்டும்.

கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். முதல் சில ஆண்டுகள் டிரேட்மார்க் தேடல் அறிக்கை, ரகசியக் காப்பு ஒப்பந்தம், ஒரே ஷரத்தை வேறு வேறு ஆவணங்களில் சரிபார்ப்பது என்றே போகும். தரவுப் பாதுகாப்புப் பக்கம் போனால் நேரம் உங்கள் கையில் இருக்காது. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய விதிகளின்படி, ஆபத்தான தரவுக் கசிவு தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அழைப்பு இரவிலும் வரும்.

ஆனால் புதியவருக்கு இதைவிட நல்ல காலம் இல்லை என்று நினைக்கிறேன். செயற்கை நுண்ணறிவைக் கண்டுபிடிப்பாளராகப் பதிவு செய்ய முடியாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொன்னது. மாடல்களைப் பயிற்றுவிக்கப் பிறருடைய எழுத்தையும் படங்களையும் எடுக்கலாமா என்பது பல நாடுகளில் இன்னும் முடியாத வாதம். இந்தக் கேள்விகளில் முப்பது வருட அனுபவசாலியும் உங்களைப் போலவே புதிதாகத்தான் படிக்கிறார்.

தொடங்குவதற்கு: ஒப்பந்தச் சட்டத்தை அலட்சியம் செய்யாதீர்கள். அதில் பலவீனமாக இருந்தால் வேறெதுவும் கைகொடுக்காது. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் அகாடமி நடத்தும் இலவச ஆன்லைன் பொதுப் பாடத்தை முடியுங்கள். ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்களான எம்ஐடி லைசென்ஸையும் அப்பாச்சி 2.0 லைசென்ஸையும் அருகருகே வைத்துப் படியுங்கள். முதலாவது சில பத்திகள்தான். இரண்டாவதில் காப்புரிமை பற்றி வெளிப்படையான ஷரத்து இருக்கிறது. அது ஏன் சேர்க்கப்பட்டது என்று நீங்களே எழுதிப் பாருங்கள். ஆரக்கிள் வழக்கில் 2021-இல் வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பை, மாறுபட்ட நீதிபதிகளின் கருத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

பிறகு, ஏதாவது ஒரு லைசென்ஸை எடுத்து, இன்ஜினியர் ஒருவர் ஒரே பக்கத்தில் புரிந்துகொள்ளும்படி 'எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது' என்று எழுதுங்கள். இலக்கியம் படித்தவருக்கு இது கூடுதலாகவே வரும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ்களோடு அந்தப் பக்கத்தையும் அனுப்புங்கள். இரண்டு இடத்தில் வேலை கிடைத்தால், பெரிய பெயரைப் பார்க்காமல், நீங்கள் எழுதிய வரைவைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பித் தரும் சீனியர் எங்கே இருக்கிறாரோ அங்கே சேருங்கள். நேர்காணலில் இதை நேராகவே கேட்கலாம்: 'என் டிராஃப்டை யார் படிப்பார்கள்?'