ஆசிட்டுக்கு அசையாத டப்பா, கிராம்புத் தைலத்துக்கு ஏன் இளகுகிறது?

(பிளாஸ்டிக் மோல்டிங் ஆலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கம்பத்தில் வசிப்பவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

மசாலாக் கடைக்காரர், குமுளி: சுற்றுலா வருபவர்களுக்காகக் கிராம்புத் தைலம், யூகலிப்டஸ் தைலக் குப்பிகளைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாக்களில் அடுக்கி வைக்கிறேன். ஒரு குப்பி கசிந்தால் போதும், டப்பாவின் அடி வெளுத்துக் குப்பியோடு ஒட்டிக்கொள்கிறது. விற்றவரோ, “ஆசிட் ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது” என்று சத்தியம் செய்கிறார். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரிதான். அவர் பேசுவது ஆசிட்டைப் பற்றி. நீங்கள் விற்பதோ தைலம். உங்கள் டப்பா பாலிஸ்டைரீன். நீர்த்த அமிலம், காரம், உப்புத் தண்ணீர் எதையும் அது சட்டை செய்யாது. ஆனால் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் ஒன்றுவிட்ட ஒவ்வொரு கார்பனிலும், ஆறு கார்பன்கள் வட்டமாகக் கைகோத்த ஒரு பென்சீன் வளையம் தொங்குகிறது. கிராம்புத் தைலத்தின் யூஜினாலிலும் அதே வளையம் உண்டு. இனம் இனத்தோடு சேரும் என்பார்களே, அதுதான் நடக்கிறது. தைலம் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்க, பிளாஸ்டிக் இளகுகிறது. தைலம் ஆவியானதும் குப்பியைப் பிடித்தபடியே மறுபடி இறுகிவிடுகிறது. யூகலிப்டஸ் தைலத்தின் சினியோலில் அந்த வளையம் இல்லை. இருந்தும் அதன் எண்ணெய்த் தன்மையே போதும். ஆரஞ்சுத் தோலை மடித்தால் தெறிக்குமே, அந்த லிமோனினும் இப்படித்தான். ஜப்பானின் சோனி நிறுவனம் பாலிஸ்டைரீன் நுரையான தெர்மகோலை லிமோனினில் கரைத்து மறுசுழற்சி செய்யும் முறையையே உருவாக்கியது.

இதில் வேடிக்கை, பாலிஸ்டைரீன் சங்கிலியின் கண்ணியான ஸ்டைரீன் பிறந்ததே ஒரு வாசனைப் பிசினிலிருந்துதான். 1839இல் பெர்லினில் எடுவார்ட் சிமோன் என்ற மருந்துக் கடைக்காரர் ஸ்டோராக்ஸ் என்னும் மரப்பிசினைக் காய்ச்சி வடித்து எடுத்தார். உங்கள் கடையில் நடப்பது ஒருவகையில் சொந்தக்காரர்கள் தகராறு.

கெட்டுப்போன டப்பா ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடி வெளுத்திருப்பதோடு, மூலைகளிலிருந்தும் மூடியின் கீலிலிருந்தும் மயிரிழை போன்ற கோடுகள் கிளம்பியிருக்கும். உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்தி அவசரமாகக் குளிர வைக்கும்போது மூலைகளில் ஓர் இறுக்கம் தங்கிவிடும். எண்ணெய் பட்டதும் அது விரிசலாக வெளியே வரும். கரைக்கும் வலுவில்லாத தேங்காய் எண்ணெய்கூட இதைச் செய்துவிடும். “இன்னும் வேகம், இன்னும் வேகம்” என்று மெஷினை விரட்டும் மேற்பார்வையாளர்களோடு நான் சண்டை போட்டதெல்லாம் இந்த மூலைகளுக்காகத்தான்.

வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. டப்பாவை மேசையில் தட்டினால் பாலிஸ்டைரீன் உலோகம்போல் ‘டிங்’ என்னும். சந்தேகம் தீராவிட்டால் உடைந்த துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டு, ஒட்டிய காற்றுக் குமிழியை விரலால் துடைத்துவிடுங்கள். பாலிபுரோப்பிலீன் மிதக்கும், பாலிஸ்டைரீனும், தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கும் மூழ்கும். பிறகு கல் உப்பை இனிக் கரையாது என்னும் வரை போட்டுக் கலக்குங்கள். பாலிஸ்டைரீன் துண்டு மேலே வந்துவிடும், ஏனென்றால் அதன் அடர்த்தி 1.05தான். பெட் சுமார் 1.38, அது அடியிலேயே கிடக்கும். தைலத்தைக் கண்ணாடிக் குப்பியில் வையுங்கள். வெளி டப்பா பெட்டாகவோ பாலிபுரோப்பிலீனாகவோ இருக்கட்டும்.

பள்ளி மாணவர், உத்தமபாளையம்: அறிவியல் கண்காட்சிக்காக முல்லைப் பெரியாறு அணையைத் தெர்மகோலில் செய்தேன். ஸ்ப்ரே பெயின்ட் அடித்ததும் அணையில் ஓட்டை ஓட்டையாகிவிட்டது. ஏன்?

தம்பி, பென்னிகுயிக் 1895இல் முடித்த அணை கல்லும் சுண்ணாம்புச் சுர்க்கியும் கொண்டது. உன்னுடையதில் ஏறக்குறைய 98 சதவீதம் காற்று, மிச்சம் பாலிஸ்டைரீன். ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் அந்த மெல்லிய சுவர்களை நொடியில் கரைத்துவிடும். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன், போஸ்டர் கலர் போன்ற தண்ணீர்ப் பெயின்ட்டை வாங்கிக்கொள். ஒட்டுவதற்கும் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசைதான். செருப்புத் தைப்பவர்கள் தடவும் ரப்பர் பசை வேண்டாம். இப்போதைய ஓட்டைகளைக் காகிதக் கூழால் அடைத்துவிடலாம், அணை நிற்கும்.

பொறியியல் மாணவி, போடிநாயக்கனூர்: பாலிஸ்டைரீனோடு வேறு பிளாஸ்டிக்கைக் கலந்தால் இந்தக் குறைகள் நீங்குமா?

எதைக் கலக்கிறோம் என்பதைப் பொறுத்தது, அம்மா. பாலிபியூட்டடையீன் ரப்பரைச் சேர்த்தால் உடையும் குணம் குறையும். நுண்ணிய ரப்பர் மணிகள் விரிசலை ஓடவிடாமல் தடுக்கின்றன. அந்த மணிகள் ஒளியைச் சிதறடிப்பதால் கண்ணாடித் தெளிவு போய் வெளுத்துவிடும். பல ஃபிரிட்ஜ்களின் உட்சுவர் இதுதான். ஆனால் எண்ணெய்க்கு அஞ்சும் குணம் அப்படியே இருக்கிறது, காரணம் சுற்றிலும் இருப்பது இன்னும் பாலிஸ்டைரீன்தான். வெண்ணெய் வைக்கும் தட்டருகே உட்சுவர் கீறினால், அங்கே கொழுப்பு படிந்திருந்ததா என்று முதலில் பாருங்கள்.

எண்ணெயைத் தாங்க வேண்டுமென்றால் அக்ரிலோநைட்ரைல் வேண்டும். இதை வெறுமனே கலப்பதில்லை, ஸ்டைரீனோடு ஒரே சங்கிலியில் கோக்கிறார்கள், அதுதான் சான் (SAN) என்னும் பிளாஸ்டிக். கூடவே ரப்பரும் சேர்ந்தால் ஏபிஎஸ் (ABS). இரண்டும் சமையலறை எண்ணெயைப் பாலிஸ்டைரீனைவிட நன்றாகத் தாங்கும். அசிட்டோன் பட்டால் இரண்டும் கரையும்.

வெப்பம் தாங்க வேண்டுமென்றால் பிபிஓ (PPO), அதாவது பாலிபினிலீன் ஆக்சைடு என்ற பிளாஸ்டிக். பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகும், பிபிஓ சுமார் 210இல். ரப்பரைப் போல மணியாகப் பிரிந்து நிற்காமல் இவை ஒன்றில் ஒன்று முழுதாகக் கலந்துவிடும். பிளாஸ்டிக் உலகில் இது அபூர்வம். அதனால் விகிதத்தை மாற்றி நடுவில் வேண்டிய வெப்பநிலையைத் தேர்ந்துகொள்ளலாம். 1960களில் ஜெனரல் எலக்ட்ரிக் நோரில் என்ற பெயரில் விற்றது இதைத்தான். வெந்நீருக்குக் கெட்டி, டொலுயீன் என்ற கரைப்பானிடம் மட்டும் இதுவும் தோற்கும்.

இருசக்கர வாகன மெக்கானிக், கூடலூர்: ஹெல்மெட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் பசையைப் பெட்ரோலால் துடைக்கலாமா?

கூடாது. பல ஹெல்மெட்டுகளின் வெளி ஓடு ஏபிஎஸ். உள்ளே தலையைக் காக்கும் நுரை பாலிஸ்டைரீன். பெட்ரோல் கசிந்து உள்ளே இறங்கினால், துணிக்குப் பின்னால் நுரை தின்னப்பட்டிருப்பது உங்கள் கண்ணில் படாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள். ஏற்கெனவே பெட்ரோலால் துடைத்திருந்தால், வாடிக்கையாளரிடம் புது ஹெல்மெட் வாங்கச் சொல்லிவிடுங்கள்.