டிவி ஸ்டாண்ட் எவ்வளவு எடை தாங்கும்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மரச்சாமான் செய்வதுதான் என் தொழில். டிவி வைக்கிற மேசை, அலமாரி, டிராயர் பெட்டி எதுவானாலும் எடை சம்பந்தமாகக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டது. முடிந்தவரை எல்லாவற்றுக்கும் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஸ்டாண்டில் 25 கிலோ என்று ஒட்டியிருக்கிறது. டிவி 17 கிலோ, ஆம்ப்ளிஃபயர் 9 கிலோ. ஒரு கிலோதானே கூடுதல், இரண்டையும் மேலே வைத்துவிடலாமா?

ஆம்ப்ளிஃபயரைக் கீழ்த்தட்டில் வையுங்கள் தம்பி, வேலை முடிந்தது. மேல்பலகைக்கு ஒரு அளவு, கீழ்த்தட்டுக்கு ஒரு அளவு என்று பெரும்பாலும் தனித்தனியாகத்தான் கொடுப்பார்கள், கூட வந்த தாளைப் பாருங்கள். அப்புறம், பொதுவாக அந்த எண், எடை பலகை முழுக்கப் பரவி அசையாமல் இருக்கும் என்ற கணக்கில் போட்டது. இரண்டு ஓரத்திலும் கால் உள்ள டிவி என்றால் எடை பக்கப் பலகைகளுக்கு அருகிலேயே இறங்கிவிடும், அது நல்லது. நடுவில் ஒற்றைக் கால் உள்ள டிவி அப்படியில்லை. அதே எடை நடுவில் குவிந்தால், பரவி இருக்கும்போது வளைவதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் பலகை வளையும். அதனால் எத்தனை கிலோ என்று கேட்கிற அதே மூச்சில், அது எங்கே இறங்குகிறது என்றும் பாருங்கள்.

கேள்வி: டிவி பெட்டியில் போட்டிருக்கும் எடையையே எடுத்துக்கொள்ளலாமா?

அதில் அட்டை, தெர்மோகோல் எல்லாம் சேர்ந்திருக்கும். காலோடு சேர்த்து எவ்வளவு, கால் இல்லாமல் எவ்வளவு என்று டிவி கையேட்டில் இருக்கும். ஸ்டாண்டுக்குக் காலோடு உள்ள எண், சுவரில் மாட்டக் கால் இல்லாத எண்.

கேள்வி: பழைய பார்ட்டிகிள் போர்டு (மரத்துகளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை) மேசை, 120 செ.மீ. நீளம், நடுவில் கால் கிடையாது. எந்த லேபிளும் இல்லை. 65 இன்ச் டிவி, 22 கிலோ. தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரே பலகை, ஒரே எடை, ஆனால் தாங்கலுக்குத் தாங்கல் உள்ள இடைவெளி 60 செ.மீ. என்பது 120 ஆனால் வளைவு இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். தடிமனும் அப்படித்தான், இரட்டிப்பாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதனால் உங்கள் மேசைக்கு நடுவில் ஒரு கால் கொடுப்பதுதான் எல்லாவற்றையும்விட மலிவான, பலமான வைத்தியம். தரையிலிருந்து பலகைக்கு அடிவரை சரியாக முட்டுகிற ஒரு மரக்கட்டை போதும். அது முடியாது என்றால், பலகையின் அடியில் முன்விளிம்பை ஒட்டி நீளவாக்கில் ஒரு இரும்பு ஆங்கிள் அடியுங்கள்.

சோதித்துப் பார்க்க, தண்ணீர் கேன் வையுங்கள், ஒரு லிட்டர் ஒரு கிலோ. டிவியின் கால்கள் வரும் இடத்திலேயே, டிவி எடையைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்து, ஒரு நூலை இரண்டு முனைக்கும் இழுத்துப் பிடித்து நடுவில் இடைவெளியை அளந்து பாருங்கள். இந்த நீளத்துக்கு 3 மி.மீ. வந்தாலே கண்ணுக்குத் தொங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும். ஒரு வாரம் விட்டு மறுபடி அளக்க வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் பார்ட்டிகிள் போர்டு முதல் நாளோடு நிற்காது, எடை இருக்கும்வரை மெல்ல மெல்லத் தொங்கிக்கொண்டே போகும், ஈரம் பட்டால் இன்னும் வேகமாக. பிளைவுட்டும் திட மரமும் இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை.

அப்புறம் டார்ச் அடித்து மூட்டுகளைப் பாருங்கள். ஸ்க்ரூவைச் சுற்றி மரத்தூள் உதிர்ந்திருந்தாலோ, ஸ்க்ரூ பிடிப்பில்லாமல் சும்மா சுற்றினாலோ, பின்பலகையின் ஆணிகள் வெளியே தலைநீட்டியிருந்தாலோ எடை ஏற்றாதீர்கள். அந்த மெல்லிய பின்பலகையைப் பலர் கேபிள் விடக் கழற்றிவிடுகிறார்கள், மேசை பக்கவாட்டில் ஆடிச் சரியாமல் பிடிப்பதே அதுதான். ஓட்டை போடுங்கள், கழற்றாதீர்கள்.

கேள்வி: புத்தக அலமாரியைப் படுக்க வைத்து டிவி ஸ்டாண்டாக்கலாமா சார்?

உள்தட்டுகள் ஸ்க்ரூ போட்டு இறுக்கப்பட்டவை என்றால் அவையே நடுத் தூண்கள் ஆகிவிடும், நல்ல யோசனை. சின்ன ஆணி மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் தட்டுகள் என்றால் படுக்க வைத்ததும் அவை எதையும் தாங்காது. எல் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு வையுங்கள்.

கேள்வி: டிராயர் பெட்டி மேல் டிவி வைத்திருக்கிறோம், நல்ல கனமான மரம், 100 கிலோ வைத்தாலும் தாங்கும். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. வேறு பயம் இல்லையே?

இருக்கிறது. எடை தாங்குவது வேறு, கவிழாமல் நிற்பது வேறு. குழந்தை டிராயர்களை இழுத்துப் படி மாதிரி ஏறினால் பாரம் முழுக்க முன்னால் வந்து, பெட்டியும் டிவியும் சேர்ந்து குழந்தை மேலேயே விழும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. இன்றைக்கே பெட்டியைச் சுவரோடு ஆங்கிள் போட்டுப் பிணையுங்கள், டிவியைத் தனியாக ஒரு பட்டையால் பிணையுங்கள். சுவரில் மாட்டுவதற்கென்று டிவி முதுகில் ஸ்க்ரூ துளைகள் இருக்கும், பட்டையை அதில் மாட்டலாம். கனமான சாமானைக் கீழ் டிராயரில் போடுங்கள். ரிமோட், பொம்மை எதையும் டிவி பக்கத்தில் வைக்காதீர்கள், எட்டிப் பிடிக்கத்தான் ஏறுவார்கள்.

கேள்வி: டிவி பக்கத்திலேயே சின்ன மீன் தொட்டி வைக்கலாமா? 60×30×30 செ.மீ.தான்.

வேண்டாம். அதில் தண்ணீர் மட்டும் 54 கிலோ வரை பிடிக்கும், கண்ணாடியும் கல்லும் மணலும் தனி. தொட்டிக்கென்று செய்த ஸ்டாண்டில் வையுங்கள்.

கேள்வி: சக்கரம் வைத்த ஸ்டாண்ட், ஒரு சக்கரம் 20 கிலோ தாங்குமாம். நான்கு சக்கரம், அப்படியானால் 80 கிலோவா?

மூன்றாலேயே பெருக்குங்கள், 60. தரை எங்கேயும் முழுச் சமமாக இருக்காது, ஒரு சக்கரம் எப்போதும் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அந்த 60 கிலோவில் ஸ்டாண்டின் சொந்த எடையும் சேர்த்தி. தள்ளும்போது டிவியைப் பிடித்துத் தள்ளாமல் கீழே ஸ்டாண்டைப் பிடித்துத் தள்ளுங்கள், நிறுத்தியதும் சக்கரத்தைப் பூட்டிவிடுங்கள்.